தலைக்கோல் பெற்ற பின்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாடமாக நடத்துவோர் பெரும்பாலும் அரங்கின் அளவோடு நின்றுவிடுவர். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று கரும்பலகையில் படம் வரைந்துவிட்டால் தேர்வுக்கு அது போதும். அதற்குப் பின் வரும் செய்தியே இன்றைய பேச்சுக்கு உரியது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள் மாதவி. ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என அறுவர் அவளை உருவாக்கியிருக்கின்றனர். பிழையற ஆடியவளுக்கு அரசன் தலைக்கோல் பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் வழங்குகிறான். பட்டம் பெற்றாயிற்று. அடுத்து நடப்பது என்ன? அம்மாலையைக் கையில் ஏந்தி, நகரச் செல்வர் உலாவும் தெருவில் ஒரு கூனி போய் நிற்கிறாள். மாலையை வாங்குவோன் மாதவிக்கு உரியவன். கோவலன் வாங்குகிறான்.

தமிழில் எழுதிவைக்கப்பட்ட முதல் நாடகப் பட்டதாரியின் வரலாறு இது. அரங்கின் அளவை அத்துணை நுட்பமாகப் பேசிய இளங்கோவடிகள், அரங்கை விட்டு இறங்கியவள் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதையும் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மை நாடகக் கல்வியைப் பற்றிப் பிற்காலத்தில் பேசியோரிடம் அவ்வளவாகக் காணப்படவில்லை. பாடத்திட்டம் பற்றியும் மேடையேறிய நாடகங்கள் பற்றியும் பேசப்பட்ட அளவுக்கு, பயின்றவர் மறுநாள் காலை எங்கே போவார் என்பது பேசப்படவில்லை.

பல்கலைக்கழகங்கள் இத்துறைக்கு வருமுன் தமிழ் நடிகரின் பள்ளி பாய்ஸ் கம்பெனியாக இருந்தது. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றுள் புகழ்பெற்றது. டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்களே. என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோரும் இத்தகைய கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். அங்கே பாடமும் பிழைப்பும் ஒரே கொட்டகையில் இருந்தன. காலையில் பாட்டும் வசனமும் பாடம்; இரவில் ஆட்டம்; அங்கேயே சோறு, அங்கேயே படுக்கை. இதைப் பொற்காலமாக எண்ணிவிடலாகாது. அடி உண்டு, பசி உண்டு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கைநழுவும். அதுவரை கம்பெனியைத் தாங்கிய பையன் ஒரே மாதத்தில் வேண்டாதவனாகிவிடுவான். ஆயினும் 'படித்து முடித்தபின் என்ன செய்வது' என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. படிப்பதே வேலையாகவும் வேலையே படிப்பாகவும் இருந்தது.

அவ்விரண்டையும் பிரித்தது புதிய கல்வி. பரோடாவில் 1949இலும், புதுதில்லியில் தேசிய நாடகப் பள்ளி என்ற பெயரில் 1959இலும் நாடகம் முறையான படிப்பாயிற்று. தமிழ்நாட்டில் அதன் காற்று சற்றுத் தாமதமாகவே வீசியது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையைப் பலரும் ஒரு தொடக்கமாகக் குறிப்பர். 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றி, நாடகத்திற்கு அங்கே ஒரு துறை அமைந்தது. தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற பேராசிரியர் சே. இராமானுஜம் அங்கே பணியாற்றினார். யூரிப்பிடீசின் துரோயப் பெண்களை நம் ஒப்பாரி மரபோடு இணைத்து அவர் நிகழ்த்திய வெறியாட்டம், பல்கலைக்கழக அரங்கு எதைச் செய்யக்கூடும் என்பதற்குச் சான்றாக நின்றது. 1985இல் புதுவைப் பல்கலைக்கழகம் வந்தது. சில ஆண்டுகளில் இந்திரா பார்த்தசாரதியின் தலைமையில் அங்கே ஒரு நாடகப் பள்ளி உருவாயிற்று. அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே சூட்டினர். கம்பெனி நடத்தியவரின் பெயர் வந்தது, கம்பெனி வரவில்லை.

முதுகலை மாணவர் ஒருவர் அங்கே ஈராண்டு பயில்வது எளிய படிப்பன்று. உடற்பயிற்சி, குரற்பயிற்சி, நடிப்பு, இயக்கம், ஒளியமைப்பு, ஒப்பனை, அரங்க வரலாறு எல்லாம் உண்டு. சில நாட்களில் விடியலில் தொடங்கும் பயிற்சி நள்ளிரவு ஒத்திகையில் முடியும். கூத்தும் பறையும் கரகமும் அறிந்த ஊர்களிலிருந்து வந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி மிதித்தவர்களும் அவர்களுள் உண்டு. ஊரில் இழிவாகப் பேசப்பட்ட ஆட்டத்தைப் பேராசிரியர் எழுந்து நின்று கற்றுக்கொள்வதைக் காணும் நாளில் அம்மாணவர் அடையும் நிமிர்வு சொல்லில் அடங்காது. அந்த நிமிர்வோடு பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார். அதற்குப் பின்தான் தெரு.

முதலில் ஆசிரியப் பணியைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக்குழுவின் தகுதித் தேர்வில் நிகழ்கலை ஒரு பாடமாக இருக்கிறது. எழுதலாம், தேறலாம். ஆனால் தேறியவரை அமர்த்த நாடகத்துறை வேண்டுமே? தமிழகத்தையும் புதுவையையும் சேர்த்தாலும் அத்தகைய துறைகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. நாடகத் துறைகளின் முதல் தலைமுறை ஆசிரியருள் சிறந்த சிலர் தமிழிலிருந்து வந்தவர்கள். தோற்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்த மு. இராமசுவாமியும், நாட்டுப்புறப் பாடல்களோடு வளர்ந்த கே.ஏ. குணசேகரனும் அவ்வாறு வந்து துறைக்கு உயிரூட்டியவர்கள். எதிர்த்திசையில் மட்டும் கதவு இல்லை. நாடகத்தில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற ஒருவர் கல்லூரித் தமிழ்த்துறையில் நாடக இலக்கியத்தை மட்டுமேனும் நடத்த விண்ணப்பிக்க இயலாது. தமிழ் முதுகலை இல்லாதவர் அங்கே தகுதியற்றவர். சங்கரதாஸ் சுவாமிகளையும் பம்மல் சம்பந்த முதலியாரையும் மேடையே காணாத ஆசிரியர் நடத்தலாம். மேடையில் அவர்களை உயிர்ப்பித்தவர் நடத்தலாகாது. தமிழ்த்துறைகள் இதைப் பற்றி வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பள்ளிகளிலோ நிலைமை இன்னும் எளிது: இடமே இல்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் என்ற பிரிவு உண்டு. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று அதில் சில கலைகள் இடம்பெற்றன, நாடகம் இடம்பெறவில்லை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்பெற்று வருவது மகிழ்ச்சிக்குரியது. பிள்ளைகள் மேடையேறுகின்றனர். அவர்களுக்கு நாடகம் சொல்லிக் கொடுப்பவர், தம் வகுப்பு முடிந்து நேரம் ஒதுக்கும் தமிழாசிரியரோ அறிவியல் ஆசிரியரோ ஆவார். அவரது ஆர்வத்தைக் குறைகூற இயலாது. நாடகம் கற்பிக்கவே பயின்ற ஒருவர் அதே ஊரில் வேறு தொழில் தேடிக்கொண்டிருப்பார் என்பதே கவலைக்குரியது.

இவ்விடத்தில் கடலைக் கடந்து ஈழத்தை நோக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திரர் 1956இல் மனமே நாடகத்தை மேடையேற்றியபின், அதே வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார்க் கூத்துகளை எடுத்துக்கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று 1960களில் அடுத்தடுத்து உருவாக்கினார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. பின்னர் அவர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவரானார். யாழ்ப்பாணத்திலும் பின்பு கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியரானார். பல்லாண்டு கழித்துத் தம் மாணவரைக் கொண்டு அதே இராவணேசனை மீண்டும் மேடையேற்றினார். ஒரு மாணவர் பயின்றதைத் தம் மாணவருக்கு அளிப்பதற்கு ஒரு நிறுவனம் காத்திருந்தது என்பதே இதில் காணத்தக்கது.

அதனினும் முக்கியமானது பள்ளி. இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பள்ளிப் பாடங்களுள் ஒன்று. க.பொ.த. உயர்தரத் தேர்வில் அதைத் தேர்ந்து பல்கலைக்கழகத்திற்கு வரலாம். அங்கே சிறப்புப் பட்டம் பெற்று, மீண்டும் பள்ளிக்கு அப்பாடத்தின் ஆசிரியராகவே போகலாம். வட்டம் முழுமையடைகிறது. குழந்தை ம. சண்முகலிங்கம் (1931–2025) பள்ளி ஆசிரியராக இருந்து கொழும்பில் நாடக டிப்ளோமா பயின்று திரும்பியவர். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேறியபோது, போர் சூழ்ந்த மக்கள் தங்கள் துயரத்தைத் தங்கள் மொழியிலேயே மேடையில் கண்டனர். அங்கே நாடகம் பயின்றவர் ஓர் ஊரின் ஆசிரியராக இருந்தார். அதனால் அவ்வூரின் துயரத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனையில் ஊராரோடு இருந்து கூத்து மீளுருவாக்கத்தைச் செய்ததும் இதே மரபின் தொடர்ச்சியே.

ஈழத்து நிலையையும் மாசற்றதாகக் காட்டலாகாது. பாடமாகிய எதற்கும் நேர்வதே நாடகத்திற்கும் நேர்ந்தது. கிரேக்க அரங்கின் உறுப்புகளை மனப்பாடம் செய்து, நாடகமே ஆடாமல், நல்ல புள்ளி பெறும் மாணவர் தோன்றினர். குறிப்புப் புத்தகங்கள் பெருகின. அரசுப் பணி ஒன்றே வழியாகிவிட்டால் அரசு கைவிடும் நாளில் மாற்று இல்லை. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவோரம் அமர்ந்து போராடியதை அவையோர் அறிவர். அப்படியிருந்தும், பாட அட்டவணையில் வாரத்திற்குச் சில மணி நேரம் நாடகத்திற்கு ஒதுக்கப்பட்டதால் ஒரு தலைமுறைக் கலைஞர் சோற்றுக்கு வழி கண்டனர் என்பதை மறுக்க இயலாது. தமிழகத்தில் அச்சில மணி நேரம் இல்லை. இரு கரைகளிலும் திறமை ஒன்றே, அட்டவணை வேறு.

கருநாடகம் வேறொரு வழி கண்டது. ஹெக்கோடு என்னும் சிற்றூரில் கே.வி. சுப்பண்ணாவின் நீநாசம் 1980இல் நாடகப் பயிற்சி நிலையம் தொடங்கிற்று. 1985இல் திருகாட்ட என்ற சுற்றுப்பயணக் குழுவை அமைத்து, அங்கே பயின்றோரையே சம்பளத்தோடு ஊர்தோறும் அனுப்பிற்று. பாக்குத் தோட்டங்களுக்கிடையே ஒத்திகை பார்த்த நாடகங்கள் மாவட்டம் மாவட்டமாகச் சென்றன. 1989இல் மைசூரில் பி.வி. காரந்தின் பொறுப்பில் ரங்காயண வந்தது. நடிகரை மாத ஊதியத்தில் அமர்த்திய அரசு நிறுவனம் அது. பழைய கம்பெனியின் நல்ல பாதியை அவர்கள் மீட்டுக்கொண்டனர் எனலாம். தமிழில் இத்தகைய நிலைத்த நாடகக் குழுவொன்றை அரசு அமைக்கவில்லை. மைய அரசின் குழு மானியத்தைப் பெற்று இயங்கும் தனியார் குழுக்கள் உண்டு. விண்ணப்பம், தணிக்கைச் சான்று, காத்திருப்பு என அதன் பாதியாயுள் தாளிலேயே கழிவதை அக்குழுக்களை நடத்துவோர் நன்கறிவர்.

எஞ்சிய பெருவழி திரைப்படம். இதைப் பற்றி நாடக அன்பரிடையே ஒருவித முகச்சுளிப்பு இருந்து வருகிறது. அது நியாயமன்று. தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற சண்முகராஜன் 2004இல் வெளியான விருமாண்டியில் அறியப்பட்டார். மதுரையில் நிகழ் நாடக மையத்தையும் நடத்தினார். மு. இராமசுவாமி பேராசிரியப் பணி முடிந்தபின் 2016இல் ஜோக்கர் படத்தில் நடித்தார். அதே படத்தில் நாயகனாக நடித்த குரு சோமசுந்தரம் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் உருவானவர். கூத்துப்பட்டறை பல்கலைக்கழகமன்று. எனினும் 1977 முதல் நடிகருக்கு அது செய்ததைப் பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பசுபதியும் அங்கிருந்து வந்தவரே. திரையில் ஐந்து நிமிடம் தோன்றினாலும் அந்த உடலின் பயிற்சி கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அதில் நாடகத்திற்கு இழுக்கு என்ன?

இழுக்கு வேறிடத்தில் இருக்கிறது. திரையில் பெயர் பெற்றவர் சிலர்; அவரைப் பார்த்துச் சென்னைக்குப் போனவர் பலர். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஓர் அறையை நால்வர் பகிர்ந்துகொண்டு, புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, உதவி இயக்குநர் வாய்ப்புக்கு அலைவர். இடையிடையே தொலைக்காட்சித் தொடர், பின்னணிக் குரல், நடிகருக்குப் பயிற்சி, தனியார் பள்ளி ஆண்டு விழாவுக்கு நடனமும் நாடகமும். ஈராண்டில் ஊடகம் மாறுவதில்லை, ஆள் மாறிவிடுவார். இயக்கமும் ஒளியமைப்பும் பயின்றவர் நிலைமை இன்னும் கடினம், ஏனெனில் நடிகரைப் போல அவருக்கு முகம் காட்டி வாய்ப்புக் கேட்க வழியில்லை.

விழிப்புணர்வு நாடகம் என்ற வழியும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுவையிலும் புதுக்கோட்டையிலும் பேரெழுச்சியோடு நடந்தபோது கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. 2021இல் இல்லம் தேடிக் கல்விக்கும் கலைக்குழுக்கள் சென்றன. இதற்கிடையே எய்ட்சு, குடிநீர், வாக்குரிமை என்று திட்டத்திற்கு ஏற்பத் தலைப்பு மாறிற்று. முதலிரு ஆண்டுகளில் இதில் உண்மையான ஈடுபாடு இருக்கும். பின்னர், பணம் தருவோர் எழுதித் தந்த வாசகத்தை மூன்று சிரிப்பு, ஒரு பாட்டு என்ற அளவில் மாற்றித் தரும் கைவேலையாகிவிடும் அபாயம் உண்டு. அதிலிருந்து தப்பியவர் மிகச் சிலரே.

தப்பியவருள் ஒருவரைக் குறிப்பிடாமல் போகலாகாது. புதுவை நாடகப் பள்ளியில் பயின்ற வேலு சரவணன் சிறுவர் நாடகத்தையே தம் வாழ்வாக்கிக்கொண்டார். ஆழி என்ற குழுவோடு பள்ளிகளுக்கும் தெருக்களுக்கும் மரத்தடிகளுக்கும் போனார்; கடல் பூதம் போன்ற நாடகங்களால் பிள்ளைகளை ஈர்த்தார். தமிழில் சிறுவர் அரங்கு என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கிறதென்றால் அதில் அவர் பங்கு பெரிது. யாரும் அளிக்காத பணியிடத்தை அவர் தாமே உருவாக்கிக்கொண்டார். அதே புதுவையில் வ. ஆறுமுகம் தம் குழுவுக்குத் தலைக்கோல் என்று பெயரிட்டதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

பெண்களின் வழி தனியே பேசப்பட வேண்டியது. நாடகம் பயில வரும் பெண்கள் குறைவு. பயின்றபின் நாடகத்தில் நிலைப்போர் இன்னும் குறைவு. இரவு ஒத்திகை முடிந்து வீடு திரும்புவது எப்படி என்ற கேள்வியே பலரது கலைவாழ்வை முடித்திருக்கிறது. 'நாடகத்தில் எம்.ஏ.' என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லத் தயங்கி, 'எம்.ஏ.' என்பதோடு நிறுத்திக்கொண்ட பெற்றோர் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் பெண் வேடத்தைப் பையன் கட்டினான். இன்று பெண் கட்டுகிறாள். திருமணம் வரை கட்டுகிறாள். சென்னையில் அ. மங்கை ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டே பெண்ணரங்கைக் கட்டியெழுப்பினார். அவருக்கு ஊதியம் தந்தது ஆங்கிலம். தமிழ் அரங்கு அதில் பிழைத்தது. நாடகத்தில் மட்டுமே பட்டம் பெற்ற ஒரு பெண்ணால் அவ்வாறு முப்பது ஆண்டுகள் நின்றிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மாதவியின் மாலையை ஏந்திய கூனி இன்று இல்லை. ஆனால் கலை பயின்ற பெண்ணின் அடுத்த நாளை வேறொருவர் தெருவில் நின்று முடிவு செய்யும் வழக்கம் முற்றும் ஒழிந்ததாகக் கூற இயலாது.

இவற்றையெல்லாம் கவிஞர் கூடிய அவையில் பேசுவானேன் என்று கேட்கலாம். 1891இல் தமிழில் இரண்டு நிகழ்ந்தன. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஒன்று கவிதை நாடகம். படிக்கப்பட்ட அளவுக்கு நடிக்கப்படவில்லை. மற்றது மேடை, கவிதையைப் பெரிதும் நாடவில்லை. அன்று விலகிய இரண்டும் பெரும்பாலும் விலகியே நடந்தன. விதிவிலக்குகள் உண்டு. ஈழத்தில் மஹாகவி கோடையும் புதியதொரு வீடும் எழுதினார். முருகையன் கடூழியம் எழுதினார். தமிழகத்தில் இன்குலாப் எழுதிய ஔவையை மங்கை மேடையேற்றினார். அவ்வளவில் நின்றுவிட்டது. நாடக மாணவர் தம் இறுதியாண்டுத் தயாரிப்புக்குப் பனுவல் தேடும்போது சோபாக்கிளீசையும் பிரெக்டையும் நாடுவதற்கு அவர்களது அயல்மோகம் காரணமன்று. அலமாரியில் தமிழ்ப் பனுவல் போதவில்லை. பட்டம் பெற்றபின் சிறு குழு ஒன்றைத் தொடங்கத் துணியும் இளைஞரிடம் பத்து நடிகர் இருப்பர், ஒரு பறை இருக்கும், இரண்டு விளக்கு இருக்கும். நடிக்க ஒன்று இராது. முதல் தயாரிப்போடு பல குழுக்கள் கலைந்துபோனதற்குப் பணமின்மை ஒரு காரணம். இது மற்றொரு காரணம்.

மாதவியை உருவாக்கிய அறுவருள் மூன்றாமவன் புலவன். அவனுடைய இருக்கை நெடுங்காலமாக வெறுமையாகக் கிடக்கிறது. இவ்வட்டம் பத்தாண்டுகளில் நடத்திய கூட்டங்களில் கவியரங்குகளே மிகுதி என்பதை அன்பர்கள் ஒப்புக்கொள்வர். பதினோராம் ஆண்டில் அவற்றுள் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, அவ்வாண்டு நாடகப் பட்டம் பெற்று வெளிவரும் ஒருவரை அழைத்து, இங்குள்ள கவிஞர் ஒருவர் எழுதிய நாற்பது நிமிட நாடகத்தை அவர் கையில் கொடுக்கலாம். ஒத்திகைக்கு இந்த மண்டபம் வார நாட்களில் மாலை ஆறு மணிக்குமேல் பூட்டியே கிடக்கிறது. சாவி செயலாளரிடம் இருக்கிறது. கவிஞர் எவர் என்பதை மட்டும் இன்றே முடிவு செய்துவிடலாம்.